நான்காவது குறிப்பு

அந்தச் செய்தித்தாள் துண்டு கண்ணாடிக் கதவின் உள்பக்கம், எழுத்து வெளியே தெரியும்படி ஒட்டப்பட்டிருந்தது. நான்கு மூலையிலும் செல்லோ டேப். படி ஏறி வருகிறவர்களின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று என் அண்ணி ஸ்கேல் வைத்து அளந்து ஒட்டியிருந்தார். கட்டம் கட்டமாய் எண்கள், மேலே கம்பெனியின் சின்னம், கீழே பொடி எழுத்தில் ஐந்து குறிப்புகள். எங்கள் கம்பெனியின் ஆண்டு நிதிநிலை முடிவுகள். கல்யாணப் பத்திரிகையைக்கூட அண்ணி அவ்வளவு பக்குவமாக ஒட்டி நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்களில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடையின் மாடியில் கம்பெனியின் பயிற்சி மையம் இருந்தது. அண்ணிதான் அதற்குப் பொறுப்பாளர். அண்ணனுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அண்ணி பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவர். மையத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் பெயரைச் சொன்னவன் நான். நான் அதே கம்பெனியில், திருவள்ளூருக்கு வெளியே இருந்த தலைமை அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் இருந்தேன். செவ்வாப்பேட்டையில் காலை மின்சார ரயிலைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் திருவள்ளூர். இறங்கி ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போவேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அது சட்டைப் பைக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்வேன். அந்த வயதில் அதெல்லாம் ஒரு பெருமை.

வேலைக்குப் போகிறவர்களும் பட்டம் வாங்க வேண்டும் என்பது கம்பெனியின் பேச்சு. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் பேராசிரியர் பாடம் நடத்துவார். அது செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்களில் இருக்கும் மையங்களின் டி.வி.க்கு வரும். சந்தேகம் இருந்தால் மைக்கில் கேட்கலாம், அவர் அங்கிருந்தே பதில் சொல்வார். பட்டம் ஒரு பல்கலைக்கழகத்துடையது, தொழில்நுட்பம் எங்களுடையது. நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறையெல்லாம் நாங்கள் கணக்கு எழுதிய விதத்தில் இருந்தது.

ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு சலுகை அறிவிப்போம். மூன்று வருஷக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டினால் நல்ல தள்ளுபடி. முப்பத்தொன்றாம் தேதி மாலைக்குள் எல்லா மையங்களிலிருந்தும் வங்கி டி.டி.க்கள் வந்து குவியும். அந்த மூன்று வருஷப் பணத்தையும் அந்த ஒரே வருஷத்தின் வருவாயாக எழுதிவிடுவோம். பாடம் நடத்த வேண்டிய வருஷங்கள் முன்னால் கிடக்கும், அதற்கான பணம் பின்னால் போயிருக்கும். அடுத்த வருஷம் புதிதாகச் சேருகிறவர்களின் பணத்தில்தான் பழைய மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். எங்களுக்கு மதி இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. நான் சொல்லும் வருஷம் சலுகையை மார்ச்சோடு நிறுத்தாமல் ஜூலை வரை நீட்டினார்கள்.

முந்திய வருஷத்து நட்டம் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கும். கணக்கில் நட்டத்தை அப்படித்தான் காட்டுவது வழக்கம். அந்த வருஷம் அடைப்புக்குறி போய்விட்டது. நிதி மேலாளர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். முடிவுகளை ஓர் ஆங்கிலத் தாளிலும் ஒரு தமிழ்த் தாளிலும் வெளியிட வேண்டும் என்பது விதி. தமிழை எழுதிக் கொடுத்தது நான். எண்ணை மாற்றுவதற்கில்லை, தலைப்புகளும் குறிப்புகளும்தான் என் கைவரிசை. தணிக்கையாளர் பிடிவாதம் பிடித்து நான்காவது குறிப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார். 'பல ஆண்டுப் படிப்புகளுக்கு மாணவர்கள் முன்கூட்டியே செலுத்திய முழுக் கட்டணமும் இவ்வாண்டின் வருவாயாகக் கொள்ளப்பட்டுள்ளது' என்று அதைத் தெளிவாகவே எழுதினேன். படித்துப் பார்த்த மேலாளர் சிரித்தார். தமிழ்த் தாளில் வருவதை யார் படிக்கப் போகிறார்கள் என்றார். பிறகு அதையே எல்லா மையங்களுக்கும் அனுப்பி வாசலில் ஒட்டச் சொன்னார். லாபத்தை விடப் பெரிய விளம்பரம் கிடையாது என்பது அவர் கட்சி.

ஒருவர் படித்தார். இரும்பு உருட்டாலை ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். பட்டம் இருந்தால்தான் சூப்பர்வைசர் ஆக்குவோம் என்று ஆலையில் சொல்லிவிட்டார்களாம். ப்ளஸ் டூ முடித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன மனிதர், மையத்தின் படியில் மூன்று நாள் ஏறி ஏறி இறங்கியிருக்கிறார். கிரேனில் ஏறும் முன் சங்கிலியில் தொங்கும் எடை பொறித்த தகட்டைக்கூடப் படித்துப் பார்க்கிற பழக்கம். கதவில் இருந்ததையும் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டார். மூன்று வருஷப் பணத்தையும் கட்ட அவர் தயார், ஆயுள் காப்பீட்டை முறித்துப் பணம் கொண்டுவந்திருந்தார். ஆனால் நாலாவதாக என்னமோ போட்டிருக்கிறதே, அதற்கு என்ன பொருள் என்று அண்ணியிடம் கேட்டிருக்கிறார்.

அண்ணி அவரை உட்கார வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். எதிர் மேஜையில் மேலாளர் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி அந்த வரியை ஒரு சொல் விடாமல் படித்தார். நான் எழுதிய வரி, அவர் குரலில் கேட்டபோது எனக்கு வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது.

“இதுக்கு இன்னா தம்பி அர்த்தம்? இவுரு பணத்தோட வந்து குந்திக்கினு இருக்கிறாரு. வாங்கலாமா, வாணாமா? நீ சொல்லு, அப்படியே செய்றேன்.”

ஒரு வார்த்தை போதும். ஒரு வருஷத்துக்கு மட்டும் வாங்குங்கள் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். மேலாளர் காதில் அது விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எனக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் அந்த மாதம்தான் வர வேண்டியிருந்தது. “அது சும்மா ஆடிட்டுக்குப் போடறது அண்ணி, எல்லாக் கம்பெனியும் போடும். தைரியமா வாங்குங்க,” என்றேன். மேலாளர் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. அதை எழுதும்போது இன்று கூசுகிறது.

கிரேன்காரர் கட்டினார். அவரைப் பார்த்து அவர் ஆலையில் இன்னும் பலர் கட்டினார்கள். அண்ணியின் மையம் அந்த மாதம் மாவட்டத்திலேயே முதலிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. ஒருமுறை நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரவு ஷிப்ட் முடித்து அப்படியே வந்த கிரேன்காரர், கண் சிவந்து, மைக்கைப் பிடித்து ஒரு சந்தேகம் கேட்டார். டி.வி.யில் பேராசிரியர் அவர் பெயரைச் சொல்லி, நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டுப் பதில் சொன்னார். அறையே கை தட்டியது. அவர் வெட்கப்பட்டு நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னது பொய்யாகாது, எல்லாம் நன்றாகவே போகும் என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

தை மாதம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் நீலத்திரை மட்டும் வந்தது. காற்றில் டிஷ் திரும்பிவிட்டது என்று அண்ணி நினைத்தார். மொட்டை மாடிக்குப் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிஷ்ஷைப் பிடித்துத் திருப்பினார். கிரேன்காரர் படியில் நின்று, கீழே டி.வி. பார்ப்பவர்கள் சொல்வதை மேலே கத்திச் சொன்னார். இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம். அடுத்த ஞாயிறும் அதே வேலை. அதற்கடுத்த ஞாயிறும். செயற்கைக்கோள் வாடகையைக் கட்டவில்லை என்ற நினைவூட்டல் கடிதங்கள் அப்போது என் மேஜைத் தட்டில் இருந்தன. அண்ணி போன் செய்து டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டார். டெக்னிக்கல் ஆட்களிடம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த மாதமே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு வேலை தேடிக்கொண்டேன். வண்டி கவிழும் முன் குதித்தவன் நான், ஏற்றிவிட்டவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்திரையில் மையத்துக்கு ஒரு பேக்ஸ் வந்தது. வகுப்புகள் தற்காலிகமாக நிறுத்தப்படுகின்றன என்று அதில் இருந்தது. தற்காலிகம் முடியவே இல்லை. தலைமை அலுவலகத்துக்குப் பூட்டு, போன் எடுக்க ஆள் இல்லை. மாணவர்களுக்குத் தெரிந்த கம்பெனி அண்ணி ஒருவர்தான். மையத்து வாசலில் நின்று பேசினார்கள், பிறகு வீட்டுக்கே வந்தார்கள். அண்ணி ஒளியவில்லை. வெளியூருக்குப் போய்விடு என்று அண்ணன் சொன்னதற்கும் ஒப்பவில்லை. வந்தவர்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார், திட்டையும் வாங்கிக்கொண்டார். கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் மேடம் என்று எழுந்தவர்கள், பார்க்காததுபோலப் போனார்கள்.

அண்ணி வீட்டில் நான் இருந்த ஒரு மாலையில் கிரேன்காரர் வந்தார். மற்றவர்களைப் போல அவர் சத்தம் போடவில்லை. ஆலையில் சூப்பர்வைசர் வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கூடத்தில் நாற்காலியில் நான், பாயில் அவர், அடுப்படி வாசலில் அண்ணி.

“அன்னிக்கு நீங்க போன் போட்டுக் கேட்டுட்டுதானே மேடம் வாங்குனீங்க,” என்றார். “யாருகிட்ட கேட்டீங்க?”

அண்ணி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“ஆபீஸ்ல ஒருத்தருகிட்ட,” என்றார்.

“அவுருக்குத் தெரியாதா மேடம்?”

“தெரியல,” என்றார் அண்ணி. அந்த ஆபீஸ்காரருக்குத் தெரியவில்லை என்றாரா, அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பது தனக்கே தெரியவில்லை என்றாரா என்பதை அன்றைக்கு என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. கேட்டிருக்கலாம். கிரேன்காரர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. தெரியும் அண்ணி, அந்த வரியை எழுதியதே நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அண்ணி என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. போனால் அதே மீன்குழம்பு, அதே தம்பி. பண்டிகைக்குத் துணி எடுத்தால் என் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எடுப்பார். எனக்கு ஒன்று மட்டும் உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. அவர் என்னிடம் எதையும் கேட்பதே இல்லை. வங்கிக் கடன், வீட்டுப் பத்திரம், அண்ணனின் பி.எஃப்., எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. கணக்குப் படித்தவன் ஒருவன் குடும்பத்திலேயே இருந்தும், யார் யாரையோ விசாரித்துக்கொண்டிருப்பார். நான் இப்போது ஒரு கம்பெனிக்கு நிதி மேலாளர். என் நாற்காலிக்கு எதிரேயும் ஒரு மேஜை இருக்கிறது, அதில் ஓர் இளைஞன் உட்கார்ந்து குறிப்புகள் எழுதுகிறான். அவன் போனில் பேசும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அது ஒரு பரிகாரம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற வருஷம் அண்ணியின் மகளை ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தார்கள். சேர்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். நான்கு வருஷக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டினால் சலுகை தருகிறோம் என்றார்களாம், அண்ணி முதல் வருஷத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறார். விண்ணப்பம், ரசீது, அடியில் இருந்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் படித்துப் பார்க்கத் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார் என்று அண்ணன் சொன்னான். கிரேன்காரரைத்தான். தலை நரைத்து, இன்னும் அதே ஆலையில் அதே கிரேனில் இருக்கிறவரை.

சாப்பிட உட்கார்ந்தபோது, என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணி, நான் வந்திருப்பேனே என்றேன்.

“உனக்கு எதுக்கு தம்பி பேஜாரு,” என்றார் அண்ணி. “அவுரு கூட வந்து எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டாரு.” சொல்லிவிட்டு, போதும் என்று நான் கை காட்டியதையும் பார்க்காமல், இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.