தங்கத்துரை சொல்லாத பார்

தங்கத்துரை அண்ணன் வாயைத் திறக்கமாட்டார் என்பது எங்கள் ஊரான சல்லியின் கரை முழுக்கத் தெரிந்த விஷயம். கடலுக்கடியில் மீன் கூடுகிற கற்பாறையை நாங்கள் பார் என்போம். ஆழப் பள்ளத்தின் விளிம்பில் அவர் கண்டுபிடித்த ஒரு பார் இருந்தது. முப்பது வருடமாக அவருடைய வீடு அதில்தான் சாப்பிட்டது. கரையில் எந்த மரமும் எந்தக் கோபுரமும் ஒரே நேராக வந்தால் அந்த இடம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். தூரத்தில் இன்னொரு படகு தெரிந்தால் போதும், தூண்டிலைச் சுருட்டிவிட்டு எஞ்சின் பழுது பார்ப்பதுபோல் குனிந்துவிடுவார்.

பாரை இன்னொரு மீன்பிடிகாரனுக்குச் சொல்வதில்லை, கூடப்பிறந்தவனானாலும். இங்கே அதுதான் வழக்கம். ஆனால் அவருடைய தம்பி குலசிங்கத்துக்கு இரண்டு வருடமாக மீனே படவில்லை. கெஞ்சினான்.

“அண்ணை, ஒருக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்.”

“கடல் பெரிசுதானே? போய்த் தேடு.”

கடைசியில் குலசிங்கம் படகை விற்றுவிட்டுக் கந்தளாய்க்கு வயல் கூலிக்குப் போனான். எனக்குத் தங்கத்துரை அண்ணனில் அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

போன வருடம் துறைமுகத்துக்கு ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்தது. எங்கள் அரசாங்கத்தோடு ஏதோ உடன்படிக்கையாம். கப்பல்காரருக்கு ஆகாத இன்னொரு பெரிய நாட்டின் நீர்மூழ்கிக் கப்பல்கள் இந்தப் பக்கம் தலை காட்டாதபடி, முன்கூட்டியே வந்து நிற்கப் போகிறார்களாம். எங்களுக்கு அது பேப்பரில் வாசித்துவிட்டு மடித்து வைக்கிற கதை.

அவர்களுடைய கடலடி அளக்கும் படகுக்கு வழிகாட்டத் தங்கத்துரை அண்ணனைக் கேட்டார்கள். நான்கு நாள் போனார். கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ‘கப்டன்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மனிதன் உருகிப்போனார். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி, பள்ளத்தின் விளிம்பில் கருவி வைக்கத் தோதான கல் எங்கே என்று கேட்டிருக்கிறார். அண்ணன் நேரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டார்.

எனக்கு நம்பவே ஏலவில்லை. “உங்கடை பாரையே அண்ணை?”

“அவங்களிட்டை வலை கிடக்கே? தூண்டில் கிடக்கே? சொன்னா எனக்கென்ன நட்டம்?”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மீன் பிடிக்காதவனைப் பார்த்துப் பயப்பட எங்களில் யாரும் பழகவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கடிதம் வந்தது. நான்தான் செயலாளர், கூட்டத்தில் வாசித்தேன். நீர்மூழ்கிகளின் சத்தத்தைக் கேட்கும் கருவிகளைக் கடலடியில் பதிக்கிறார்களாம். வருகிற முதலாம் திகதியிலிருந்து, கடிதத்தோடு வந்த கடல் படத்தில் சிவப்பாக வட்டமிட்ட இடத்துக்குள் எந்தப் படகும் போகக்கூடாது. படத்தைச் சுவரில் ஒட்டினேன்.

தங்கத்துரை அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்தார். வட்டத்தின் நடுவில் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

“இது என்ரை பார்,” என்றார்.

முப்பது வருடம் ஒளித்ததை ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார்.

“தம்பி, அவங்கடை எதிரி ஆரெண்டே எனக்குத் தெரியாது,” என்றார் என்னிடம். “அவனுக்கும் எனக்கும் என்னடா கோவம்?” கதிரையை இழுத்து அவரை இருத்தினேன்.

கந்தளாயிலிருந்து வந்திருந்த குலசிங்கம் பின்வரிசையில் இருந்தான். எழுந்து வந்து படத்தை வெகுநேரம் பார்த்தான். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“இதுவே அண்ணை?” என்று மெதுவாகக் கேட்டான். “மீன் படாத அந்த ரெண்டு வருசமும் நான் நெடுகலும் இதுக்கு மேலாலதானே போய் வந்தனான்.”