என் மேசைக்கு வந்த துவக்கு

ஷார்ஜாவில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு, பட்டாளம் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகள் வரும். எங்கள் ஊரில் அதைத் துவக்கு என்போம். உரிமம் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் வாங்கிவந்து, சுடும் கிளப்புக்குத் தோதாகத் தங்கள் உடம்புக்கு மாற்றித் தரச் சொல்வார்கள். இரும்பு வேலை பூட்டிய உள்ளறையில் நடக்கும். மரமும் தோலும் வெளி மேசைகளில். தோல்வார் தைக்கச் சேர்ந்தவள் நான்.

முல்லைத்தீவுக்காரி என்று தெரிந்ததும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "இயக்கத்துல இருந்தீங்களா?" இல்லை என்றால் நம்பமாட்டார்கள். தம்பி துவக்குச் சூடுபட்டுச் செத்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர்களுடைய பரிதாபமும் எனக்கு வேண்டாம்.

ஒரு நாள் ஓர் அரபிப் பெரியவர் தன் மகளோடு வந்தார். கையில் நீளமான பழைய ராணுவத் துவக்கு. அதை மகள் சுடவேண்டும். நெட்டையான சிப்பாய்க்குச் செய்த அதன் பின்பக்க மரக்கட்டை அவள் தோளில் நிற்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். எங்கள் போர்மேன் பட்டுக்கோட்டைக்காரர். தகப்பன் முன்னால் அந்தப் பெண்ணின் கையைத் தொட்டு அளக்கத் தயங்கி, எட்ட நின்றே நாடாவைக் காற்றில் பிடித்தார். அவளுக்கு எரிச்சல் வந்தது. நான் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தேன்.

"நான் எடுக்கிறன் அண்ணை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ உக்காரும்மா. உன் ஊரு வேற அப்படி. துப்பாக்கியோட நிக்கிறத எவனாவது போட்டோ புடிச்சான்னா வம்பு. உனக்கும் எனக்கும் சேர்த்து."

"அங்க பிறந்ததுக்கு இன்னும் எத்தினை காலம் தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறது? இது மரக்கட்டை. நான்தான் செய்யப்போறன்."

என்ன சண்டை என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார் போர்மேன். அளவெடுக்க நான் வருகிறேன் என்கிறேன், இவர் விடமாட்டேன் என்கிறார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு கையை மடக்கி நீட்டினாள். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்தேன். கட்டையை அந்த நீளத்துக்குக் குறைக்கவேண்டும்.

பிறகு துவக்கைக் கையில் வாங்கினேன். சுடும் பாகங்களைக் கழற்றி உள்ளறையில் வைத்திருந்தார்கள். ஆனால் அதுவரை துவக்கை நான் முன்பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். கீழே வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை.

முதல் வெட்டுக் கோணிப்போனது. "சொன்னா கேட்டியா?" என்றார் போர்மேன். அந்த இடத்தில் புதுக்கட்டை ஒட்டி, காயவிட்டு, மறுபடி வெட்டினேன். கன்னம் படியும் இடத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசினேன். விரல் நுனிகளெல்லாம் பழுப்பேறின.

சில நாள் கழித்து அந்தப் பெண் வந்து தோளில் வைத்தாள். கழுத்து நீளவில்லை. கன்னம் தானாகப் படிந்தது. எந்த ஊர் என்று கேட்டாள்.

"முல்லைத்தீவு" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். போர்மேன் எதையோ தேடுகிறவர்போல இழுப்பறையைத் திறந்தார்.

விஷயம் கேரளத்து மேனேஜர் காதுக்குப் போயிற்று. உடைந்த தமிழில் பேசினார்.

"நீ லெதர் டேபிளுக்கே போ. இதுக்கு வேற ஆம்பள ஆள் பாக்கலாம்."

"பாருங்கோ சேர். அந்த ஆள் வாற வரைக்கும் நான் இந்த மர மேசையிலதான் இருப்பன். அது பிடிக்காட்டி விசாவைக் கான்சல் பண்ணி ஊருக்கு அனுப்புங்கோ. தோல் தைக்கத் திரும்பமாட்டன்."

அவர் அறைக்குள் போய்விட்டார். அடுத்த வாரமே அந்தப் பெண்ணின் சிநேகிதிகள் இரண்டு பேர் தங்கள் துவக்குகளோடு வந்து, என்னைத்தான் கேட்டார்கள். மேனேஜர் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்.

தேடட்டும்.