பெயிண்டுக்கு அடியில் இருந்த விரிசல்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, அவனியாபுரத்தில் மூன்று லேத் பட்டறை கட்டியவன் நான். என்னை ஏய்க்க ஒருத்தன் பிறக்கவில்லை. ஆனாலும் வாடிப்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஒல்லி மனிதர்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். கையிலிருந்த புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். என்ன புத்தகம் என்று கேட்டேன்.

"கதைண்ணே. உலகமே அழிஞ்சிருச்சு. மிஞ்சுன நாலு பேருக்கு அடுத்தவன் மனசுல நினைக்கிறது கேக்குது."

"அப்புறம் எப்படிய்யா யாவாரம் பண்ணுவாய்ங்க?"

கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "நீங்க எதைண்ணே மறைச்சு விக்கப் போறீக?"

பழைய லேத் மெஷின் ஒன்றின் விரிசலைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டு, விலை பேசத்தான் போய்க்கொண்டிருந்தேன். இறங்கியதும் வாங்க இருந்தவரிடம் நானே விரிசலைச் சொல்லிவிட்டேன். லேத் வேண்டாம் என்றுவிட்டார்.

பஸ்ஸில் வந்தவர், வாங்க இருந்தவர் அனுப்பிய வேவுக்காரராக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.