நான்கு பக்க ஒப்புதல் படிவம்

தாம்பரத்தை அடுத்த ஒரு மருத்துவமனையில் புதிய புற்றுநோய் மருந்தைச் சோதிக்கும் ஆய்வு நடந்தது. நோயாளிகள் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கியவன் நான். அதன் நடைக்காக ஆய்வுக் குழுவினர் என்னைப் பாராட்டியதும் உண்டு.

கோவளத்தில் மீன் விற்ற ஓர் அம்மையார் மார்பகப் புற்றுநோயுடன் அங்கு வந்தார். நெடிய, கறுத்த உருவம். பேசுமுன் உள்ளங்கையை இடுப்புச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொள்வார். படிவம் புரியாமல் முதல்முறை அவர் கையெழுத்திடாது திரும்பியதை, ‘விருப்பமில்லை’ என்று ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் பதிந்துவிட்டார்.

ஆய்வில் சேரக் கடைசி நாளன்று, நானும் அங்கிருந்தபோது, அம்மையாருக்கு அது தெரியவந்தது. நாற்காலியைத் தூக்கி மேசைக் கண்ணாடியை உடைத்தார். தடுத்த காவலாளியின் கையைக் கடித்தார். இருவர் அவரைத் தரையில் சாய்த்து அழுத்தியதில் நெற்றி கிழிந்து இரத்தம் வழிந்தது.

“இஷ்டம் இல்லன்னு எவன்டா எழுதினது? பொழைக்கத்தானே ரெண்டு பஸ் மாறி வந்துகினு கீறேன்?”

“அவங்கள விடுங்க” என்று கூறி, அருகில் அமர்ந்தேன். “புது மருந்தும்மா. கேக்கலாம், கேக்காமலும் போகலாம். உடம்பைப் படுத்தும். வேணாம்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம்.”

“இவ்ளோதானா? இத்த சொல்ல நாலு பக்கமா சார்? எந்த மேதாவி எழுதினான்?”

ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை அம்மையாரிடம் நீட்டினேன்.

அவர் கையெழுத்திட்டார், ஆய்விலும் சேர்க்கப்பட்டார். உயிருக்காக அவ்வளவு மூர்க்கமாகப் போராடியவரை ‘விருப்பமில்லாதவர்’ ஆக்கியது என் தமிழ் என்பதை அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.