சிக்ஸ்டெனின் காருக்கு ட்ரிம் செய்த கதை

சிக்ஸ்டென் ரோன்ஹோல்மின் பாதம் மூன்று ஊரில் பேர் பெற்றது. கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவருக்குக் கையோடு காலும் வேலை செய்ய வேண்டும். கீழே வரிசையாக இருக்கும் மரக்கட்டைகளை மிதித்தால்தான் அடிக்குரல் எழும். அதற்கென்றே அவர் மெல்லிய தோல் ஷூ ஒன்று வைத்திருந்தார். ஒரே மிதியில் கோயில் தரையே அதிரும்படி வாசிப்பார். அதே ஷூவோடு காரில் ஏறினால் மட்டும் ஆள் மாறிவிடுவார். தூங்கும் குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல ஆக்ஸிலேட்டரைத் தொடுவார். தொண்ணூறில் போகலாம் என்று பலகை சொன்னால் இவர் எண்பதில் போவார்.

வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவரும், சாம்பல் நிறத்தில் கம்பி கம்பியாக முடி வளர்ந்த தூவா என்ற நாயும், ஒன்பது வருஷமான நாலு கதவுக் காரும்தான். நாயையும் காரையும் 'அவ' என்றுதான் சொல்லுவார். பின்னால் வந்த குழப்பத்தில் பாதிக்கு இதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு மூன்று கோயில். காலை ஒன்பதரைக்குக் குவார்ன்செலே, பதினொன்றரைக்கு கிரான்ட்ரெஸ்க், மதியம் ஒன்றரைக்கு ஆவாசுந்த். கடைசி இரண்டுக்கும் நடுவில் அறுபத்து நான்கு கிலோமீட்டர் பைன் காடு, நட்ட நடுவில் நீளமான ஒரு மேடு. கிரான்ட்ரெஸ்கில் பன்னிரண்டரைக்கு ஆராதனை முடியும். அங்கே காப்பி அறையைப் பார்த்துக்கொள்ளும் எல்னா போட்ட காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார். அந்தக் கோடையில் ஆவாசுந்துக்கு இரண்டு முறை தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். இரண்டு முறையும் ஒன்று முப்பத்து நான்கு.

ஆவாசுந்த் கோயில் பொறுப்பாளர் ஃபோல்கே நாற்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். நாலு நிமிஷமும் அவருக்குத் தாமதம்தான். பொத்தானை அழுத்தினால் நானூறு ஞானப்பாட்டு வாசிக்கும் பெட்டி ஒன்றை வாங்கிப் பலிபீடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டார். இன்னொரு முறை தாமதமானால் இனிமேல் பெட்டிதான், ஆர்கனைப் பூட்டிவிடலாம் என்று கோயில் குழுவும் ஒப்புக்கொண்டது. போதகர் சங்கடத்தோடு இதைச் சிக்ஸ்டெனிடம் சொன்னார். ஆவாசுந்த் ஆர்கனின் துருத்தி கிழிந்து கிடந்த காலத்தில், இரண்டு குளிர்காலம் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஆட்டுத்தோல் ஒட்டியவர் சிக்ஸ்டென். அங்கே கேட்க வருவது ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

குற்றவாளி கார்தான் என்று முடிவு செய்தார். அந்த மேட்டில் அது மூச்சு வாங்கியது. ட்ரிம் செய்தால் சரியாகுமா என்று பாடகர் குழுவில் கேட்டார். அந்த ஊரில் இஞ்சினைத் தட்டி எழுப்பி வேகம் கூட்டுவதற்கு ட்ரிம் என்று பெயர். நாய்க்கு முடி வெட்டுவதற்கும் அதே பெயர்தான். ஆண்குரல் வரிசையில் ஒருவர், தன் கார் ட்ரிம் ஆன பிறகு பின்னால் கூண்டு வண்டி கட்டியிருந்தாலும் மேட்டில் கியரே மாற்ற வேண்டியதில்லை என்றார். பெண்குரல் வரிசையில் ஒருத்தி, தன் வீட்டுக்காரரும் செய்தார், மாறியது அவர் முகம் மட்டும்தான் என்றாள். அரைமணி நேரம் பாட்டை மறந்து இதையே பேசினார்கள். கடைசியில், ஹெல்மெரிடம் போ என்று எல்லாருமே சொன்னார்கள்.

ஹெல்மெருக்கும் அவன் மனைவி குன்விக்கும் ஒரே கொட்டகை, இரண்டு கதவு. வலது கதவுக்குள் அவன் இஞ்சின்களோடு இருப்பான். இடது கதவுக்குள் அவள் நாய்களோடு இருப்பாள். வாசலில் 'ட்ரிம்' என்று ஒரே பலகை, ஒரே போன் நம்பர். சிக்ஸ்டென் கூப்பிட்டபோது எடுத்தது குன்வி. வீட்டுக்காரனுக்காக இவள் நேரம் குறித்துக்கொள்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"ட்ரிம் பண்ணணும்," என்றார்.

"என்ன வயசு?"

"ஒம்போது."

"இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கியா?"

"இல்ல. வந்ததுலேர்ந்து அப்பிடியேதான் இருக்கா."

"ஓட்டம் எப்பிடி?"

"சமதரையில பரவால்ல. மேடு வந்தா மூச்சு வாங்குறா."

"ஒடம்பு போட்டிருப்பா. கடிப்பாளா?"

சிக்ஸ்டெனுக்குக் கிளட்ச் ஞாபகம் வந்தது. அது சட்டென்று பிடிப்பதையும் அங்கே கடிப்பது என்றுதான் சொல்லுவார்கள். "கால தூக்குன ஒடனே கடிக்கும்."

"அப்ப வாய்க்கட்டு போட்டுடறேன். சரியா?"

இஞ்சினில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு அறவே தெரியாது. வாய்க்கட்டு என்பது ஏதோ நல்ல உதிரிபாகம் என்று தோன்றியது. அந்தப் பக்கத்து ஜனங்கள் 'ஆமாம்' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உதட்டைக் குவித்து 'ஷ்உப்' என்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும், ஆமாம் என்று அர்த்தம். சிக்ஸ்டென் இழுத்தார். சனிக்கிழமை பத்து மணி என்று முடிவானது.

சனிக்கிழமை அவர் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். வழக்கம்போல் பின்சீட்டில் தூவா. குன்வி வந்து நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு வா என்றாள். காரில் வேலை நடக்கும்போது நாய் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்கிறாள், எவ்வளவு நல்ல மனசு என்று எண்ணியபடி, கார் சாவியை அவள் கண்ணில் படும்படி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய் லிங்கன் என்ற சிவப்புக் காட்டுப்பழம் பறித்தார். திரும்பி வந்தபோது ஹெல்மெர் வேறொரு காரின் அடியில் படுத்திருந்தான். வெளியே தெரிந்தது கால்கள் மட்டும்தான். சிக்ஸ்டென் அந்தக் கால்களுக்கு நன்றி சொன்னார். அடியிலிருந்து ஒரு ஸ்பேனர் நீண்டு அசைந்தது.

குன்வி தூவாவைக் கொண்டுவந்தாள். நாய் பாதியாகிப் பளபளவென்று இருந்தது, லாவெண்டர் மணத்தது. காரைப் பார்க்கக் கொடுத்த இடத்தில் நாய்க்கும் இலவசமாக முடி வெட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குக் கண் கலங்கியது. அவள் கேட்ட தொகையோ நம்ப முடியாத அளவுக்குக் கம்மி.

"பின்பக்கம்தான் ஒரே சிக்கு," என்றாள் குன்வி. "ரெண்டு நாளைக்கு ஈரத்துல விடாத. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கொண்டா."

சிக்ஸ்டென் மூச்சை இழுத்தார்.

ரோட்டுக்கு வந்ததும், ஐம்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, ஆக்ஸிலேட்டரை ஆர்கன் கட்டையாக நினைத்து மிதித்தார். கார் உறுமிக்கொண்டு தாவியது. முதுகு சீட்டோடு ஒட்டியது. தூவா பின்சீட்டில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வழுக்கியது. சிக்ஸ்டென் தனியாகச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. வீட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனார்.

மறுநாள் கிரான்ட்ரெஸ்கில் கடைசி ஆமென் காற்றில் நிற்கும்போதே அவர் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். எல்னா பிளாஸ்கோடு நின்றிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. மேட்டில் கார் மூச்சு வாங்கவில்லை. வேகமானி முள் தொண்ணூறிலேயே நின்றது. ஒரு வளைவில் கலைமான் கூட்டம் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றபோதுகூட, கண்ணாடியை இறக்கி அவற்றிடம் இந்தக் காரைப் பற்றி இரண்டு வார்த்தை பெருமையாகச் சொன்னார். அவை ஒதுங்கின.

ஆவாசுந்தில் மணி ஒன்று பதினான்கு. படியில் நின்ற ஃபோல்கே தன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அன்றைக்குப் பாட்டெல்லாம் குதிரைப் பாய்ச்சல். ஒன்பது பெரியவர்களும் அடிக்கு அடி துரத்திக்கொண்டு ஓடினார்கள். மூன்றாவது பாட்டின் முடிவில் ஒருவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறினார். ஆனாலும் எல்லாருக்கும் முகம் சிவந்து, சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் சிக்ஸ்டென் காரைப் பற்றியே பேசினார். ட்ரிம் செய்தால் தினசரி ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது என்பவன் வந்து இதில் உட்காரட்டும் என்றார்.

"என்ன பண்ணாங்க?" என்று கேட்டார் ஃபோல்கே.

"வாய்க்கட்டு போட்டிருக்காங்க."

டிராக்டர்க்காரர் தொப்பியைப் பின்னால் தள்ளினார். "இஞ்சினுக்கா?"

"கடிக்குதுன்னு சொன்னேன். அதுக்குத்தான்."

"எங்க இருக்கு, காட்டு."

பானெட்டைத் திறந்தார்கள். ஃபோல்கேவும் சிக்ஸ்டெனும் குனிந்து தேடினார்கள். ஒன்பது பேரும் கைத்தடிகளோடு சுற்றி நின்று, இதுவா, அதுவா என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அப்போது தூவா கால்களுக்கிடையே புகுந்து வந்தது. ஒரு மூதாட்டி குனிந்து முகர்ந்து, நாய் என்ன இவ்வளவு மணமாக இருக்கிறது என்றாள். எல்லாரும் நாயைப் பார்த்தார்கள். பிறகு சிக்ஸ்டெனைப் பார்த்தார்கள். ஃபோல்கே மெதுவாகப் போய்க் கோயில் படியில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "இந்த வாரம் நாய்க்கு முடி வெட்டிக்கிட்டு வந்து சேந்துட்ட. அடுத்த வாரம் எதுல வர்றன்னு பாக்குறேன். பெட்டி அங்கயேதான் இருக்கும்."

திங்கட்கிழமை ஹெல்மெர் அவரோடு அந்த ரோட்டில் போய் வந்தான். குன்வி முதல் நாள் போனில் விஷயத்தைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை என்றான். இப்போதாவது நிஜமாக ட்ரிம் செய், எவ்வளவு ஆனாலும் சரி என்று கெஞ்சினார் சிக்ஸ்டென். ஹெல்மெர் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான்.

"நான் கை வச்சா நிச்சயமா தெரியும்," என்றான். "இழுவை கூடும். வண்டி கட்டி இழுக்குறவனுக்கும், மரலாரிய முந்திப் போறவனுக்கும் தினம் தெரியும். ஒனக்கு ஞாயித்துக்கெழம லாரியே கெடையாது. தொண்ணூறுக்கு மேல போகவும் கூடாது. மேட்டுல மிஞ்சுனா ஒரு நிமிஷம் தர்றேன். நேத்து முன்னவிட இருபது நிமிஷம் சீக்கிரம் போயிருக்க. அதுல நாலு நிமிஷம் ஒன் காலு குடுத்தது. மிச்சம் பதினாறு நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சு?"

சிக்ஸ்டென் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்னாகிட்ட காப்பி குடிச்சியா நேத்து?"

அந்த ஊரில் காப்பி நேரத்தை யாரும் நேரமாக எண்ணுவதில்லை. முதல் கோப்பை, அதற்கு மேல் ஊற்றுவது, அதற்கும் மேல் ஊற்றுவது, கூட ஏழு வகை பிஸ்கட். வேண்டாம் என்று சொன்னவனை அவருக்கு நினைவில்லை. ஆமாம் என்பதற்கு மூச்சே போதும். இல்லை என்பதற்கு வாயைத் திறந்தாக வேண்டும். அந்த வாரம் முழுக்க சிக்ஸ்டென் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று 'வேணாம்' என்று பழகினார். சத்தமாகச் சொன்னால் கோபமாகக் கேட்டது. மெதுவாகச் சொன்னால் தனக்கே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இறங்கி வந்தார். காப்பி அறை வாசலில் எல்னா கோப்பையை நீட்டினாள்.

"வேணாம், எல்னா."

அறையில் கரண்டிச் சத்தமெல்லாம் நின்றது. உடம்புக்கு என்ன என்று எல்னா கேட்டாள். சிக்ஸ்டென் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார்: ஒன்றரை மணி, ஃபோல்கேவின் பெட்டி, பூட்டப்போகிற ஆர்கன், பதினாறு நிமிஷம்.

எல்னாவின் முகம் இறுகியது. "மூணு வருஷமா வாய்ல பிஸ்கட்ட வச்சுக்கிட்டு இத்தன தடவ உக்காந்திருந்தியே. ஒரு வார்த்த சொன்னியா?"

கேக் டப்பாவின் மூடியை ஓங்கி அடித்து மூடினாள். மனசை நோகடித்துவிட்டோம் என்று சிக்ஸ்டெனுக்குக் காது சுட்டது. காருக்கு ஓடினார். பன்னிரண்டு முப்பத்து மூன்று.

இன்றைக்குக் காரில் எந்த மாயமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷப் பழைய கார், தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடி. இருந்தாலும் மிதித்தார். தெரிந்தே மிதித்தபோதும் கார் போன வாரம் போலவே தாவியது. அவருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு காலமும் இது இப்படி ஓடத்தான் காத்திருந்ததா?

மேட்டின் பாதியில் கண்ணாடியில் ஒரு சின்னச் சிவப்புக் கார் தெரிந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓட்டி வந்தது எல்னா. பக்கத்து சீட்டில் கேக் டப்பாவுக்கு சீட் பெல்ட் போட்டிருந்தாள். மேட்டு உச்சியைத் தாண்டியதும், நேராக நீளும் ரோட்டில் சிக்ஸ்டெனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முந்திப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு கார்கள். கிரான்ட்ரெஸ்க் காப்பி அறை மொத்தமும் அவற்றில் இருந்தது. ஒருத்தி மடியில் பெரிய பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் அவருக்குக் கையாட்டினாள்.

ஆவாசுந்தில் அவர் இறங்கியபோது மணி ஒன்று பதினெட்டு. கோயில் பின்பக்கத்து அறையில் எல்னா ஏற்கெனவே மேசை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். இனிமேல் காப்பி இங்கேதான், ஆராதனை முடிந்த பிறகுதான், குடிக்கிறவன் இங்கே வந்து குடிக்கட்டும் என்று பொதுவாக அறிவித்தாள். அதைச் சொன்னபோது சிக்ஸ்டெனை ஒருமுறை பார்த்தாள். பார்வையில் கோபம் பாதிதான் மிச்சம் இருந்தது.

சிக்ஸ்டென் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டு மேலே ஏறினார். கீழே பெஞ்சுகள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன. எட்டிப் பார்த்து எண்ணினார், முப்பத்து ஒன்று. ஒன்றரைக்கு அவர் முதல் கட்டையை மிதிக்கக் காலைத் தூக்கியபோது, கீழே ஃபோல்கே ஞானப்பாட்டுப் புத்தகம் போதவில்லை என்று இரண்டு கையையும் ஆட்டி, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று ஜாடை காட்டிக்கொண்டே அலமாரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.