தொடாதக்காவின் காற்றுத் திருகு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் படகுத்துறையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் கையை விரிப்பார்கள். தொடாதக்கா என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு, கடலும் உப்பங்கழியும் சேரும் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போவது அவள் தொழில். மீன் கடித்துக்கொண்டு ஓடும்போது புதிதாக வந்தவர்கள் பதறிப்போய் ரீலைக் கையால் அழுத்திப் பிடிப்பார்கள். அந்த நொடியே தூண்டில் நரம்பு அறுந்துபோகும், மீனும் போய்விடும், ஆள் அழாத குறையாக நிற்பார். அதனால் “தொடாதீங்க, ஓடட்டும், தொடாதீங்க” என்று அவள் போடும் சத்தம் கரைவரைக்கும் கேட்கும்.

பெயருக்கு இன்னொரு நியாயமும் உண்டு. வந்தவரின் தூண்டில் கம்பில் மீன் மாட்டிவிட்டால் அவளும் அந்தக் கம்பைத் தொட மாட்டாள். வழிகாட்டியின் கை பட்டுவிட்டால் அது வழிகாட்டி பிடித்த மீன் என்றுதான் அர்த்தம், இது அந்தத் தொழிலின் சட்டம். மற்ற படகுக்காரர்கள் ஆளைப் பார்த்துச் சட்டத்தைக் கொஞ்சம் வளைப்பார்கள். இவளிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், மீசையெல்லாம் வியர்வை வழிய, அம்மா தாயே ஒரு கை பிடி என்று கெஞ்சியிருக்கிறார். இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அந்த மீனைத் தானே ஏற்றி, அதற்கு ஒரு முத்தமும் கொடுத்துத் தண்ணீரில் விட்ட போலீஸ்காரர், இப்போது வருஷம் தவறாமல் வருகிறார். ஒவ்வொரு வருஷமும் அவர் சொல்லும் கதையில் அந்த மீன் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை வளர்வதைப்போலக் கொஞ்சம் வளர்ந்தும் விடுகிறது.

அவள் ஒன்றும் துடுப்போடு பிறந்தவள் இல்லை. துறையில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து போன் எடுப்பதுதான் முதலில் அவள் வேலை. கடல் ஓதம் எப்போது ஏறும், கொடுவா மீன் எந்த அலையாத்தி வேரடியில் ஒதுங்கும் என்று வழிகாட்டிகள் கவுன்டர் முன்னால் நின்று அளக்கும் கதைகளைக் கேட்டே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் காலையில் வழிகாட்டி ஒருவர் வராமல் கழுத்தறுத்துவிட்டார். காத்திருந்த புதுமணத் தம்பதியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் இவளே படகை எடுத்தாள். மீன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. படகு வேறு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. ஓதம் ஏறும்வரை மூன்று பேரும் உட்கார்ந்து பேசிச் சிரித்ததில், இறங்கும்போது அந்தப் பெண் அடுத்த வருஷமும் உங்கள் படகுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே கவுன்டர் நாற்காலி காலியாகிவிட்டது.

கட்டிக்கொண்டவரோ படகு எஞ்சின் மெக்கானிக். துறையில் ஓடும் எஞ்சின்களில் முக்கால்வாசி அவர் கை பட்டவைதான். ஆனால் மனிதர் படகில் கால் வைத்ததே இல்லை. வீட்டுக்குக் கீழேயே பட்டறை. அதன் நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், வாய்வரைக்கும் தண்ணீர். எஞ்சினை டிரம்மின் விளிம்பில் மாட்டி, அடியிலிருக்கும் விசிறி தண்ணீருக்குள் சுற்றும்படி ஓட்டிப் பார்ப்பார். தரையெல்லாம் நனையும், தெருவே அதிரும், அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். அவருடைய கடல் அந்த டிரம்மோடு முடிந்தது. கேட்பவர்களிடம், “எஞ்சினுக்குத்தான் தண்ணி வேணும், எனக்கு எதுக்கு?” என்று சிரித்து மழுப்பிவிடுவார். உண்மையில், சின்ன வயதில் யாரோ விளையாட்டுக்குத் துறையிலிருந்து தள்ளிவிட்டு, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை இதை அவளிடம் சொன்னார். அவளும் வா என்று கூப்பிடுவதை அத்தோடு விட்டுவிட்டாள்.

கூப்பிடவில்லையே தவிர, ஆசை விடவில்லை. தினமும் சாயங்காலம் படியேறி வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் அன்றைய கதையை ஆரம்பித்துவிடுவாள். அவரும் கையிலிருக்கும் கிரீஸைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்பார். ஆனால் கொடுவா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எகிறி, வாயைத் திறந்து தலையை உதறுகிற அழகை வாயால் சொல்லி மாளுமா? கரண்டியை வைத்து நடித்துக் காட்டினாள். துடைப்பத்தை வைத்துக் காட்டினாள். ஒருநாள் தலையணையைத் தூக்கிப்போட்டுக் காட்டியதில் மின்விசிறியில் பட்டுப் பஞ்சு பறந்தது. அவர் எல்லாவற்றுக்கும் “ம்” என்பார். ஊர்பேர் தெரியாத ஆளெல்லாம் என் படகில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போகிறான், இந்த மனிதர் ஒருநாள் பார்க்கவில்லையே என்ற குறை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

மாடியில் குடியிருந்த நாத்தனார் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றுவாள். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம், அதற்குப் பிடிக்காமலேயே இருக்கலாமே என்பது அவள் கேள்வி. தொடாதக்காவுக்கு இதற்குப் பதில் தெரியும். ஆனால் அதையும் படகில் வைத்துத்தான் சொல்ல முடியும்.

இப்படியே போயிருக்கும், புது எஞ்சின் சமாச்சாரம் மட்டும் வராமல் இருந்திருந்தால். படகு துறை நிர்வாகத்தினுடையது. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டப் போவதாகவும், இனிமேல் கம்பெனி ஆட்களே வந்து பார்த்துக்கொள்வார்கள் என்றும் அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். எல்லோரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவளோ நன்றிகூடச் சொல்லாமல் பழைய எஞ்சினைப் போய்ப் பார்த்தாள். அவரைப் படகுக்கு இழுக்க உலகத்தில் ஏதாவது ஒரு சாக்கு உண்டென்றால் அது இந்தப் பழைய எஞ்சின்தான். அதுவும் இந்த வாரத்தோடு போகிறது.

யோசித்தாள். பெட்ரோல் டேங்கின் மூடியில் சின்னதாக ஒரு காற்றுத் திருகு உண்டு. படகை எடுப்பதற்கு முன்னால் அதைத் திறந்துவிட வேண்டும். திறக்க மறந்தால், காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வராது. எஞ்சின் கொஞ்ச தூரம் சமர்த்தாக ஓடிவிட்டு அப்படியே நின்றுவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோரும் செய்து திட்டு வாங்குகிற தப்பு அது. அந்தத் தப்பை இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வேண்டுமென்றே செய்வது என்று முடிவு கட்டினாள்.

அன்று சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, எஞ்சின் பாதி வழியில் நின்றுபோகிறது என்றாள். அவர் எஞ்சினைக் கொண்டுவரச் சொல்லி டிரம்மில் மாட்டி, பட்டறை டேங்கிலிருந்து பெட்ரோல் கொடுத்து ஓட்டினார். பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது. மறுநாளும் நின்றுபோகிறது என்றாள். மறுபடி டிரம், மறுபடி பாட்டு. தண்ணீரில் போனால்தான் இப்படி ஆகிறது என்று அவள் சாதித்தாள். அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“நிக்கும்போது பெட்ரோல் குழாயில இருக்கற ரப்பர் பந்து எப்படி இருக்கு?”

அவளுக்கு மனிதர்களிடம் பொய் சொல்ல வரும். எஞ்சின் விஷயத்தில் வராது. “சப்பிப்போய் இருக்கு” என்று வாய் தவறி உள்ளதைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் எஞ்சினை டிரம்மிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். பிறகு, அப்படியென்றால் தண்ணீரில் வந்துதான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை என்றார். அவளுக்கு அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. பயந்த மனிதரை ஏமாற்றி இழுக்கிறோமே என்று நடுவில் நெஞ்சு குறுகுறுக்கவும் செய்தது. ஆனாலும் சந்தோஷம்தான் ஜெயித்தது.

ஆட்கள் யாரும் வராத நாளாக, காற்று அடங்கிய காலையாகப் பார்த்துக் கிளம்பினார்கள். மிதவைச் சட்டையை அவர் வீட்டிலேயே போட்டுக்கொண்டு, டூல்ஸ் பெட்டியை மார்போடு அணைத்தபடி தெருவில் நடந்தார். நாத்தனார் பால்கனியில் நின்று, இன்றைக்குத் தெருவுக்குள் வெள்ளம் வருகிறதா என்று கேட்டாள். துறையில் இருந்தவர்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நின்றார்கள். அவர் படகில் இறங்கினார். நடுப் பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. தொடாதக்கா படகை அவ்வளவு மெதுவாக அதுவரை ஓட்டியதில்லை.

அலையாத்தி மரங்களின் கடைசி வரிசையை எட்டி, தண்ணீரின் நிறம் மாறுகிற இடத்துக்கு வந்ததும் எஞ்சின் சொல்லிவைத்த மாதிரி இருமி நின்றது. ஐயோ பாருங்கள், இதேதான் என்று அவள் பதறுவது போலப் பதறி, நங்கூரத்தைப் போட்டாள். அவர் எஞ்சின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அது சூடாக இருக்கும், ஆறட்டும், அதுவரைக்கும் அந்தக் கம்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டு என்றார். பயத்தில் குழறுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கம்பைக் கையில் கொடுத்து, ரப்பர் மீனை மாட்டி, வேர்கள் இறங்கும் ஓரமாக வீசக் கற்றுக்கொடுத்தாள். முதல் தடவை அது மரக்கிளையில் மாட்டியது. அடுத்து அவள் தொப்பியில். அதற்கும் அடுத்தது தண்ணீரிலேயே விழுந்தது. அவர் ரீலை மெல்லச் சுற்றினார்.

கம்பு வளைந்தது. நரம்பு சீறிக்கொண்டு ஓடியது. புதிதாக வருகிற எல்லோரையும்போல அவரும் ரீலை அழுத்தப் போனார்.

“தொடாதீங்க!”

துறையில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். தூரத்தில் தண்ணீர் உடைந்து, ஒரு முரட்டுக் கொடுவா வெள்ளி வயிறு தெரிய எழும்பி, தலையை உதறிவிட்டு விழுந்தது. கரண்டியும் துடைப்பமும் தலையணையும் காட்ட முடியாததை அது ஒரே எகிறலில் காட்டிவிட்டது. மனிதர் பலகையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். படகு ஆடியது, அவருக்கு அது உறைக்கவே இல்லை. கை போகிறது, நீ பிடி, நீ பிடி என்றார். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முடியாது, உங்கள் மீன், நீங்களே பாருங்கள் என்று சொல்லிக் குதித்தாள். குதித்த குதியில் இடுப்பில் செருகியிருந்த குறடு தண்ணீருக்குள் போயிற்று. அதை அவள் கவனிக்கவுமில்லை. எத்தனையோ பேருடைய மீனைப் பார்த்துச் சிரித்தவள், இந்த ஒரு மீனுக்கு அழுதுகொண்டிருந்தாள்.

ஒருவழியாக மீன் படகோரம் வந்தது. அவள் வலையில் ஏந்தித் தண்ணீரிலேயே வைத்தபடி, கொக்கியைக் கழற்றக் குறடைத் தேடினாள். இடுப்பில் இல்லை. இருக்கவே இருக்கிறது டூல்ஸ் பெட்டி என்று எட்டி இழுத்துத் திறந்தாள்.

உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, ஒரு பிஸ்கட் பாக்கெட். குறடு இல்லை. ஸ்பேனர் இல்லை. திருகாணி ஒன்றுகூட இல்லை.

“ஸ்பேனரெல்லாம் எங்கே?”

“எதுக்கு? காத்துத் திருகைத் திறக்க ரெண்டு விரல் போதாதா?”

 பெட்டி மூடியைப் பிடித்தபடியே, எப்போது தெரியும் என்று அவள் கேட்டாள். டேங்குக்குள் காற்றுப் போகாவிட்டால்தான் பந்து சப்பும், அவள் சொன்ன அந்த நிமிஷமே தெரியும் என்றார்.

“தெரிஞ்சும் எதுக்குங்க வந்தீங்க? உங்களுக்குத்தான் தண்ணின்னா ஆகாதே.”

“நீ இவ்வளவு மெனக்கெட்டுக் கூப்பிடறே. எப்படி வராம இருக்கறது?”

அவள் துண்டைப் பிடுங்கி முகத்தைத் துடைத்தாள். அதே துண்டால் மீனின் வாயைப் பிடித்துக்கொண்டு கொக்கியை விரலாலேயே கழற்றினாள். மீனை அவர் கையில் கொடுத்து, தண்ணீருக்குள் அப்படியே பிடித்திருக்கச் சொன்னாள். முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டபடி அவர் குனிந்திருந்தார். மீன் செவுள் அசைய மூச்சு வாங்கியது, தெம்பு வந்ததும் வாலால் அவர் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. அவர் ஈரம் சொட்டச் சொட்டச் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை. “எங்க அக்கா கேட்பாளே, எதுக்குப் பிடிச்சு விடறதுன்னு, அவளையும் ஒருநாள் கூட்டிட்டு வரணும்” என்றார்.

பிறகு டேங்கின் மேல் குனிந்து இரண்டு விரலால் திருகைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. கயிற்றை ஒரே இழுப்பு, எஞ்சின் பாடத் தொடங்கியது. திரும்பும்போது அவர் பலகையை ஒரு கையால்தான் பிடித்திருந்தார். இன்னொரு கையில் பிஸ்கட். அலையாத்தி மரங்களைக் கடந்ததும் அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

“புது எஞ்சின்ல ரிப்பேரே வராதாம். கம்பெனிக்காரங்க சொல்றாங்க.”

அவர் பிஸ்கட்டை மென்று விழுங்கினார்.

“அப்போ ரிப்பேர் இல்லாமயே வர்றேன்.”