நேபாளத்தின் முழுப்பெயர்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாடை மூக்கில் ஏறினால், எந்த ஊரில் இருந்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. திருத்தங்கலில் எங்கள் தெருவே உட்கார்ந்து ஒரு நாட்டின் பெயரை மறைத்து இன்னொரு பெயரை ஒட்டிய கோடை விடுமுறை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

இரண்டாயிரத்து எட்டு, பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். அக்கா அச்சாபீஸில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி பட்டாசு ஆலையில் வெந்த கைகளோடு வீடு வந்த நாளிலிருந்து, அக்காவை மட்டும் "பட்டாசு ஆபீஸ்" பக்கம் விடக்கூடாது என்று அம்மா நாயாய் அலைந்து வாங்கிக் கொடுத்த வேலை அது. அந்த முறை அச்சடித்தது பள்ளிச் சுவரில் மாட்டும் உலக நாடுகளின் அட்டை. கொடி, தலைநகரம், அதிகாரப்பூர்வப் பெயர் எல்லாம் இருக்கும். லோடு ஏற வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து, நேபாளத்தில் மன்னராட்சி முடிந்துவிட்டதாக டிவியில் செய்தி. எங்கள் அட்டையிலோ "நேபாள முடியரசு" என்று இருந்தது.

பழைய பெயரோடு வந்தால் லோடை இறக்கமாட்டேன் என்று ஆர்டர் கொடுத்தவர் போனில் சொல்ல, முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, "பாத்து ஓகே போட்டது நீதானம்மா. சரக்கு திரும்பி வந்தா வேற எடம் பாத்துக்க" என்றாராம். எங்கள் ஊரில் வேறு இடம் என்றால் எது என்று அம்மாவுக்குத் தெரியும். "அந்த ராசா இன்னுங் கொஞ்ச நா பொறுத்துப் போயிருக்கக் கூடாதா" என்று புலம்பியபடி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

சீட்டு அச்சடித்து மேலே ஒட்டிவிடலாம் என்ற யோசனை அக்காவுடையது. புதுப்பெயரோ "நேபாளக் கூட்டாட்சி சனநாயகக் குடியரசு", கட்டத்துக்குள் அடங்கவில்லை. வெறும் நேபாளம் போதும், முழுப்பெயர் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள் என்றார் முதலாளி. "அதிகாரப்பூர்வப் பெயர்னு மேல போட்டுட்டு பாதிப் பேர ஒட்டுனா, அதுக்கும் என் தலதான் உருளும் அண்ணாச்சி" என்று அக்கா விடாப்பிடியாக நின்று, பொடி எழுத்தில் இரண்டு வரியாக அடிக்கவைத்தாள்.

தீப்பெட்டி ஒட்டிப் பழகிய தெருப் பெண்கள் ஆளுக்கு ஓர் அட்டைக் கட்டாக எடுத்துக்கொண்டார்கள். "குடியரசுன்னா என்னடி?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். "ராசா கெடையாது அத்தை, சனங்கதான் ராசா. நம்ம நாடும் அதான்" என்றாள் அக்கா. அத்தை பசை காய்ந்த விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராசாவா இருந்துதான் இம்புட்டு சொகமா இருக்கேனாக்கும்" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "பேசாம ஒட்டுங்க தாயி, லாரி வந்துரும்" என்றாள்.

லாரி வந்தது, போனது. சரக்கு திரும்பி வருமோ என்று, ஆரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு ஓடினாள். வரவில்லை. அக்காவின் வேலையும் போகவில்லை.

அந்த அட்டைகளை இப்போது யாரும் வாங்குவதில்லை. பிள்ளைகள் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் நான் படித்த பள்ளிக்குப் போயிருந்தபோது, மூலையில் வெளுத்துத் தொங்கிய ஓர் அட்டையில் எங்கள் சீட்டு உதிர்ந்து, முடியரசு மறுபடி தெரிந்தது. தாங்கமுடியாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். அதே அச்சாபீஸில் இன்றும் காலண்டர் புரூஃப் பார்க்கிறவள், குரலைத் தாழ்த்தி, "வேற யாரும் பாத்தாகளா?" என்று கேட்டாள்.

வீட்டில் பக்கத்தில் இருந்த அம்மா அவளிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "உதிந்தா உதிந்துட்டுப் போகுது. அன்னைக்கு லோடு போயிச் சேந்துருச்சுல்ல" என்றாள்.